தன்னார்வலரும் பணப்பையும்: சுற்றுச்சூழல் களஆய்வுக்கு நிதி வந்த வழிகள்

முன்னுரை

பறவைகளை எண்ணுதல், ஆற்றுநீரின் தெளிவை அளத்தல், மரங்கள் பூக்கும் நாளை ஏட்டில் குறித்தல் முதலிய பணிகளைப் பொதுமக்கள் ஊதியமின்றிச் செய்ய, அவர்கள் திரட்டிய செய்திகளை ஆய்வாளர்கள் பயன்கொள்ளும் முறை இன்று 'குடிமக்கள் அறிவியல்' எனப்படுகிறது. இப்பெயர் 1990களின் நடுப்பகுதியில் இருவேறு நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியது. இங்கிலாந்தில் ஆலன் இர்வின் என்னும் சமூகவியலறிஞர் 1995இல் வெளியிட்ட தம் நூலில், மக்களின் தேவைகளுக்கும் கவலைகளுக்கும் செவிசாய்க்கும் அறிவியல் என்னும் பொருளில் இதனை ஆண்டார். அமெரிக்காவில் கார்னல் பறவையியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிக் பானி, மக்கள் தரவு திரட்டித் தரும் அறிவியல் என்னும் பொருளில் இதனை ஆண்டார். முன்னவர் கருத்தில் மக்கள் வினா எழுப்புவோர். பின்னவர் கருத்தில் விடைக்கு வேண்டிய செய்திகளைக் கொணர்வோர். இன்று பெரிதும் வழங்கிவருவது இரண்டாவது பொருளே.

பெயர் புதிது, முறை பழையது. இம்முறையைப் பற்றி எழுதுவோர் பலர், இது செலவில்லாத அறிவியல் என்னும் எண்ணத்தை வெளிப்படையாகவோ குறிப்பாகவோ தருகின்றனர். தன்னார்வலருக்குக் கூலி இல்லை என்பது மெய்யே. ஆயின் வலைக்கும் வளையத்திற்கும் படகுக்கும் அஞ்சலுக்கும் விலையுண்டு. வந்த செய்திகளை ஒழுங்குபடுத்தும் எழுத்தருக்கும், அவற்றுள் பிழை களையும் வல்லுநருக்கும் மாதச் சம்பளம் உண்டு. இப்பணத்தை யார் தந்தனர், அப்பணத்தோடு யாருடைய வினா உடன்வந்தது, பணம் நின்றபோது எது எஞ்சியது என்பவற்றைச் சில சான்றுகள் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. நிதிவழிகள் தெளிவாகப் பதிவாகியுள்ள ஒரு பழைய முயற்சி அமெரிக்காவில் நிகழ்ந்ததாதலின் ஆய்வு அங்குத் தொடங்குகிறது. பின்னர் மலாயா, தமிழகத்துக் கோடியக்கரை, எண்டாவ் ரொம்பின் எனத் தொடர்கிறது. இடங்கள் தொலைவானவை போலத் தோன்றினும், மலாயாவையும் கோடியக்கரையையும் இணைத்த பணவழி ஒன்று இருந்தது என்பதைப் பின்னர்க் காணலாம்.

ஓர் ஆசிரியரின் அட்டைகள்

வெல்ஸ் குக் என்பார் மின்னசோட்டா மாநிலத்தில் பூர்வகுடியினர் பள்ளியொன்றில் ஆசிரியராகப் பணியாற்றியவர். மிசிசிப்பி ஆற்றுப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த பறவை ஆர்வலர்களை, இளவேனிலில் எந்தப் பறவை எந்நாளில் முதன்முதலாக வந்தது என்று எழுதியனுப்புமாறு 1881இல் அவர் கேட்கத் தொடங்கினார். இதற்கு எந்நிதியும் அவரிடம் இல்லை. 1883இல் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் தோன்றியபோது, ஹார்ட் மெரியம் தலைமையில் அமைந்த வலசைக் குழு இப்பணியைத் தனதாக்கிக்கொண்டு நாடு முழுவதற்கும் விரித்தது. கலங்கரை விளக்கக் காவலர்களிடமும் படிவங்கள் சென்றன. இரவில் ஒளியில் மோதி வீழும் பறவைகளை அவர்களைவிட நன்கறிந்தவர் யாருமிலர் அல்லவா?

இம்முயற்சிக்கு ஏற்பட்ட இடர், ஆள் இல்லாமையன்று. செய்திகள் வந்து குவிந்தன. அவற்றைப் பிரிக்கவும் படியெடுக்கவும் ஒப்பிடவும் சங்கத்தால் இயலவில்லை. எனவே சங்கம் அமெரிக்கச் சட்டமன்றத்தை நாடியது. 1885இல் 5,000 டாலர் ஒதுக்கப்பட்டது. அத்தொகை வேளாண்மைத் துறையில், பூச்சியியல் பிரிவின்கீழ், 'பொருளாதாரப் பறவையியல்' என்னும் தலைப்பில் அளிக்கப்பட்டமை கருதத்தக்கது. பறவை எப்போது, எவ்வழியே வருகிறது என்பது தன்னார்வலர்களின் வினா. பறவை உழவனுக்கு நன்மை செய்கிறதா தீமை செய்கிறதா என்பது பணம் தந்தவர்களின் வினா. புதிய அலுவலகம் இரண்டையும் ஏற்றது. பறவைகளின் இரைப்பையைத் திறந்து, உள்ளே புழு உள்ளதா தானியம் உள்ளதா என்று பார்க்கும் ஆய்வு ஒருபுறம் வளர்ந்தது. வலசை அட்டைகள் மறுபுறம் சேர்ந்தன. குக் 1901இல் அவ்வலுவலகத்திலேயே பணியேற்று, 1916இல் மறையும்வரை அட்டைகளோடு வாழ்ந்தார்.

நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், வந்த நாளைக் குறிக்கும் அட்டைகளுக்கு அறிவியலில் மதிப்பில்லை என்னும் கருத்து வலுப்பெற்றது. 1970இல் இத்திட்டம் மூடப்பட்டது. அதற்குள் சேர்ந்திருந்தவை ஏறத்தாழ 60 இலட்சம் அட்டைகள். அவை எரிக்கப்படாமல் பெட்டிகளில் தங்கின. புவி வெப்பமடைவதால் பறவைகள் முன்னரே வருகின்றனவா என்னும் வினா பின்னாளில் எழுந்தபோதுதான் அவற்றின் அருமை உணரப்பட்டது. 2009 முதல் அட்டைகளின் படங்கள் இணையத்தில் இடப்பட்டு, அவற்றைத் தட்டெழுதித் தரும் பணி மீண்டும் தன்னார்வலர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. வேளாண்மைக்கென வந்த பணத்தில் காப்பாற்றப்பட்ட ஏடு, வேளாண்மைத் துறையினர் ஒருகாலும் எண்ணியிராத வினாவிற்கு விடை தந்தது எனலாம்.

மலாயாவில் படைத்துறையின் பணம்

அடுத்துக் காணவேண்டிய சான்று நம் மண்ணைச் சார்ந்தது. எலியட் மெக்ளூர் என்னும் அமெரிக்கப் பறவையியலாளர், இரண்டாம் உலகப் போருக்குப்பின் சப்பானில் அமெரிக்கப் படையின் மருத்துவ ஆய்வகத்தில் பணியாற்றியவர். மூளையழற்சி நோய்க்கிருமியைப் பறவைகள் சுமக்கின்றனவா என்பது அங்கு அவருடைய ஆய்வுப்பொருள். 1958இல் அவர் கோலாலம்பூருக்கு வந்தார். மருத்துவ ஆய்வுக் கழகத்தோடு இணைந்து இயங்கிய அமெரிக்கப் படைப்பிரிவின் சார்பில், மலாயாப் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு, குருதி எடுத்து ஆராயும் பணியை மேற்கொண்டார். 1963இல் இப்பணி ஆசியாவின் கிழக்கு, தெற்கு நாடுகள் பலவற்றையும் தழுவிய திட்டமாக விரிந்தது. 'வலசை விலங்கு நோயியல் அளவாய்வு' என இதனைத் தமிழில் கூறலாம். நிதி முழுவதும் அமெரிக்கப் படைத்துறையினுடையது. பின்னர் இதன் தலைமையிடம் பாங்காக்கில் அமைந்தது.

1963 முதல் 1971 வரை இத்திட்டத்தின்கீழ் 1,218 இனங்களைச் சேர்ந்த 1,165,288 பறவைகளுக்கு வளையமிடப்பட்டது. இவ்வெண்ணிக்கையை மெக்ளூர் 1974இல் வெளியிட்ட நூல் தருகிறது. ஆசியாவில் அதற்குமுன் இத்தகைய பணி இந்த அளவில் நடந்ததில்லை. வளையமிட்டவர் யார் என்று பார்த்தால், சம்பளம் பெற்ற ஆய்வாளர் சிலரே. பல்கலைக்கழக மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், இயற்கைக் கழக உறுப்பினர்கள், பறவை பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட சிற்றூர் மக்கள் ஆகியோரின் கைகளே பெரும்பணியைச் செய்தன. மலாயாவில் 1940இல் தோன்றிய இயற்கைக் கழகத்தின் உறுப்பினர்களும் மலாயாப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினரும் இதில் ஈடுபட்டனர். பிரேசர் மலையில் பனிமூட்டமுள்ள இரவுகளில் விளக்கொளியை நாடிவரும் வலசைப் பறவைகள் வலையில் பிடிக்கப்பட்டன. பகாங் மாநிலத்துப் பெந்தோங் முதலிய ஊர்களில் மாலை வேளையில் மின்கம்பிகளில் அணியணியாக வந்தமரும் தகைவிலான் குருவிகளும் இக்காலப்பகுதியில் வளையமிட்டு ஆராயப்பட்டன. கடைத்தெருவில் போவோர் தலையில் எச்சமிடும் தொல்லையாகவே மக்கள் அறிந்திருந்த குருவி, எத்தனை ஆயிரம் கல் கடந்து வந்தது என்பது அப்போதுதான் அளவிடப்பட்டது.

படைத்துறை ஏன் பறவைக்குப் பணம் தந்தது? அக்காலம் வியட்நாம் போர்க்காலம். தென்கிழக்காசியாவில் பணிபுரியும் படைவீரரை எந்நோய் தாக்கும், அது எவ்வழி பரவும் என்று முன்னறிவது படைமருத்துவத்தின் கடமையாகக் கருதப்பட்டது. இக்காரணம் நேர்மையானதே என்று கொள்ளலாம். ஆயினும் வலைக்கருகே நின்ற மாணவனுக்கு இவ்வினாவில் பங்கில்லை. அவன் அறிய விரும்பியது பறவையின் வழியை. இவ்விரு வினாக்களும் ஒரே வலையில் சிக்கிய ஒரே பறவையால் விடைபெற்றமையால் எட்டாண்டுகள் உடன்பாடு நிலைத்தது. 1971இல் நிதி நின்றதும் அவ்வுடன்பாடும் முடிந்தது. திட்டத்தையே சார்ந்திருந்த வளையமிடும் பணி பல நாடுகளில் சுருங்கிற்று. பயிற்சி பெற்ற கைகள் இருந்தன; வளையமும் வலையும் வாங்கவும், கிடைத்த மறுதகவல்களைப் பதிந்துவைக்கவும் ஓர் அலுவலகம் இல்லை.

கோடியக்கரையும் கோதுமைப் பணமும்

இத்திட்டத்தில் பங்கேற்ற இந்திய அமைப்பு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். அக்கழகத்தின் வலசை ஆய்வு மெக்ளூரின் திட்டத்திற்கு முன்னரே தொடங்கியது. 1957இல் கருநாடகத்துக் கியாசனூர்க் காட்டுப்பகுதியில் புதிய காய்ச்சல் ஒன்று கண்டறியப்பட்டது. அதன் கிருமி உருசிய நாட்டு மூளையழற்சிக் கிருமியை ஒத்திருந்தமையால், வடக்கிலிருந்து வரும் பறவைகள் அதனைக் கொணர்ந்திருக்கலாமோ என்னும் ஐயம் எழுந்தது. இவ்வையமே சாலிம் அலிக்கு வாய்ப்பாயிற்று. நெடுங்காலம் வளையமிடும் பணிக்குப் பணம் தேடி அலைந்த அவர், உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியை 1959 அளவில் பெற்றார். பின்னர் அமெரிக்கப் படைத்துறைத் திட்டத்தின் உதவியும் வந்தது.

கழகம் பறவையின் காலில் இட்ட வளையத்தில், கண்டெடுப்பவர் பம்பாய்க் கழகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் வாசகம் மட்டுமே பொறிக்கப்பட்டிருந்தது. பணம் தந்தவரின் பெயர் அதில் இல்லை. இருக்கவும் இடமில்லை என்பது உண்மையே. ஆனால் 1974இல் இந்திய நாளேடுகளில் இதுவே பெரும் வினாவாக எழுந்தது. அயல்நாட்டுப் படை பறவைகளைக்கொண்டு கிருமிப்போருக்கு ஒத்திகை பார்க்கிறதோ என்று எழுதப்பட்டது. டில்லியில் நடந்த கொசு ஆய்வு ஒன்றோடு சேர்த்து இதனையும் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு விசாரித்து, 1975இல் கடுமையான அறிக்கை தந்தது. சாலிம் அலி குற்றச்சாட்டை மறுத்தார். கிருமிப்போர் என்னும் ஐயத்திற்குச் சான்று கிடைத்ததாகக் கூற இயலாது. ஆயினும் குழு எழுப்பிய வினாவை வெறும் அச்சத்தின் விளைவு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. பறவை யாருடையது என்பதைவிட, பறவையைப் பற்றிய செய்தி யாரிடம் முதலில் சேர்கிறது என்பது ஆட்சித்திறம் சார்ந்த வினா. களத்தில் உழைத்தோர் எவரும் இதனைப் பற்றிக் கலந்து பேசப்பட்டதில்லை.

இந்தக் களங்களுள் ஒன்றே நாகைப் பகுதியின் தென்முனையிலுள்ள கோடியக்கரை. 1967இல் இது காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1969இல் கழகத்தார் இங்கு வளையமிடும் முகாம் நடத்தினர். உப்பளங்களும் சேற்று நிலங்களும் நிறைந்த இப்பகுதியில் குளிர்காலத்தில் பூநாரைகளும், கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் முதலிய சிறு கரைப்பறவைகளும் பெருந்தொகையாக வந்துசேர்வன. 1980 முதல் 1992 வரை இங்கு நடந்த விரிவான ஆய்வுக்குப் பணம் வந்த வழி, கல்விநிதி வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது.

1954இல் அமெரிக்கா இயற்றிய பொதுச்சட்டம் 480இன்படி, அந்நாட்டின் மிகைக் கோதுமை இந்தியாவிற்கு விற்கப்பட்டது. விலை உரூபாயிலேயே பெறப்பட்டது. அவ்வுரூபாயை அமெரிக்கா தன் நாட்டிற்குக் கொண்டுசெல்ல இயலாது. இந்தியாவிலேயே செலவிட வேண்டும். இவ்வாறு குவிந்த தொகை இந்தியப் பொருளியலுக்கே சுமையாகும் அளவு பெருகவே, 1974 பிப்ரவரியில் 1,664 கோடி உரூபாய்க்கான காசோலையை அமெரிக்கத் தூதர் இந்திய அரசிடம் திரும்ப அளித்தார். மீதமிருந்த தொகையில் ஒரு சிறுபகுதி அந்நாட்டு மீன், காட்டுயிர்த் துறையின் வழியாக இந்தியக் காட்டுயிர் ஆய்வுகளுக்குப் பயன்பட்டது. கோடியக்கரையில் பிடித்து வளையமிட்ட உள்ளான்கள் சைபீரியப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட செய்தி நமக்குக் கிடைத்தது அப்பணத்தால். பஞ்சக்காலத்தில் கப்பலில் வந்திறங்கிய கோதுமையின் விலை, கால் நூற்றாண்டு கழிந்து தமிழகக் கடற்கரையில் வலையும் வளையமும் ஆயிற்று.

இங்கு ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். கோடியக்கரை முகாம்களில் வலை விரித்துப் பறவை பிடிப்பதில் தலைசிறந்தோர், பீகாரிலிருந்து அழைத்துவரப்பட்ட மீர்சிகார் எனப்படும் பறவை பிடிப்போர். மரபாகப் பறவை பிடித்து விற்று வாழ்ந்த அவர்கள், இறகு கசங்காமல் பறவையைக் கையில் கொள்ளும் திறம் பெற்றவர்கள். அவர்கள் பெற்றது கூலி. ஆதலால் அவர்களைத் தன்னார்வலர் என்று எவரும் அழைப்பதில்லை; அறிவியலார் என்றும் அழைப்பதில்லை. ஓய்வுநேரமும் கைப்பணமும் உடையவரே தன்னார்வலர் ஆகலாம் என்னும் மறைவான விதி, இவ்வரலாறு முழுவதும் இழையோடுகிறது. மலாயாத் தோட்டங்களில் நாள்தோறும் விடியற்காலையில் மழைமானியைப் பார்த்து அளவெழுதிய கிராணிமார்களும் இவ்விதியால் விடுபட்டவர்களே.

எண்டாவ் ரொம்பின்: மக்கள் தந்த நிதி

இதுவரை கண்ட நிதி அரசுகளுடையது. 1985இல் மலேசியாவில் வேறொரு வழி முயலப்பட்டது. ஜொகூர், பகாங் மாநிலங்களின் எல்லையில் எண்டாவ், ரொம்பின் ஆறுகள் பிறக்கும் மலைக்காட்டை தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்னும் திட்டம் 1970களிலேயே இருந்தது. ஆயின் மலேசிய அரசமைப்பின்படி நிலமும் காடும் மாநிலங்களின் உரிமை. 1977இல் பகாங் மாநில அரசு, பூங்காவின் உட்பகுதியாக அமைய வேண்டிய ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் காட்டில் மரம் வெட்ட உரிமம் வழங்கியது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. நாளேடுகளில் கடிதங்கள் தொடர்ந்தன. 1978இல் மரவெட்டு நிறுத்தப்பட்டது. எனினும் பூங்கா அமையவில்லை.

வெட்டாதே என்று சொல்வதற்கு எதிர்ப்பு போதும். காத்திடு என்று சொல்வதற்கு அங்கு என்ன உள்ளது என்னும் பட்டியல் வேண்டும். அப்பட்டியல் யாரிடமும் இல்லை. எனவே இயற்கைக் கழகம், காட்டாய்வுக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் விளங்கிய சாலே முகமது நோரின் தலைமைக் காலத்தில், 1985 சூனில் தொடங்கி ஓராண்டளவு நீண்ட அறிவியல் பயணம் ஒன்றை எண்டாவ் ரொம்பினுக்கு மேற்கொண்டது. பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களோடு பொதுமக்களும் அணியணியாகக் காட்டிற்குள் சென்றனர். அரசின் ஆய்வுநிதியை மட்டும் நம்பாமல், நிறுவனங்களும் தனிமனிதரும் தந்த நன்கொடையும் பொருளுதவியும் இப்பயணத்தைத் தாங்கின.

இதனால் விளைந்தவற்றுள் ஒன்றை மட்டும் இங்குச் சுட்டலாம். அம்மலைமேட்டில் அடர்ந்து வளரும் விசிறிப்பனை ஒன்று அதுவரை அறிவியல் அறியாத இனம் எனக் கண்டறியப்பட்டு, 1987இல் 'லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ்' என்னும் பெயரால் விளக்கப்பட்டது. ஊரின் பெயரைத் தாங்கிய அப்பனை, அக்காடு வேறெங்கும் இல்லாத ஒன்று என்பதற்கு எளிய சான்றாயிற்று. பயணத்தின் முடிவுகள் கழகத்தின் ஆய்விதழில் சிறப்பு வெளியீடுகளாக வந்தன. ஜொகூர் மாநிலம் 1989இல் தன் சொந்தப் பூங்காச் சட்டத்தை இயற்றி, 1993இல் தன் எல்லைக்குட்பட்ட 48,905 ஹெக்டேர் பரப்பைப் பூங்காவாக அறிவித்தது. கூட்டரசின் 1980ஆம் ஆண்டு தேசியப் பூங்காச் சட்டத்தின்கீழ் அது அமையவில்லை என்பது மாநில உரிமை பற்றி மேலே கூறியதை உறுதிப்படுத்தும். இதே முறையில் கழகம் 1993-94இல் பேராக்கின் பெலும் காட்டிற்கும் பயணம் மேற்கொண்டது. 2007இல் அங்கும் மாநிலப் பூங்கா அமைந்தது.

எண்டாவ் ரொம்பின் பயணத்தின் சிறப்பு, பணம் தந்தோரும் உழைத்தோரும் கேட்ட வினா ஒன்றாகவே இருந்தமை. இக்காடு நிற்க வேண்டுமா? வேண்டும் என்னும் விடையை நோக்கியே எல்லாம் நடந்தன. இதனை அறிவியலுக்கு ஒவ்வாத சார்பு என்பாரும் உளர். பெரும்பட்டியலைத் தொகுத்தவர் எந்நோக்கத்தோடு தொகுத்தாலும் பனை பனையே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஆனால் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. நன்கொடை திரட்டும் முயற்சி ஒரு விழாவைப் போன்றது; ஓராண்டுக்கு மக்களின் உள்ளத்தைப் பற்றும். பூங்காவுக்காகப் போராடியவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டியது, அக்காட்டில் வாழ்ந்த சுமத்திரா காண்டாமிருகத்தை. 1985இல் அது அங்கிருந்தது. பூங்கா அமைந்த பிறகும், ஆண்டுதோறும் அதன் தடங்களைப் பின்தொடர்ந்து எண்ணுவதற்கு எண்டாவ் ரொம்பின் பயணத்தைப் போன்ற பேரெழுச்சி மீண்டும் ஏற்படவில்லை. தீபகற்ப மலேசியாவில் அவ்விலங்கு மறைந்தது. 2019 நவம்பரில் சபாவில் வளர்ப்பிடத்திலிருந்த இமான் என்னும் பெண் காண்டாமிருகம் இறந்தபின், மலேசியாவில் அவ்வினமே இல்லாதொழிந்தது. நிதியின்மை ஒன்றே இதற்குக் காரணம் என்பது மிகையாகும். கள்ளவேட்டையும் காடழிவும் முதற்காரணங்கள். அழிவைக் காலத்தே உணர்த்தும் தொடர்கணக்கு இல்லாமற்போனது மட்டும் நிதிமுறையைச் சார்ந்தது. பயணத்தில் வழிகாட்டவும் படகு செலுத்தவும் உடனிருந்த கம்போங் பெத்தாவின் ஜக்கூன் பூர்வகுடியினர் பயணக்குழு திரும்பிய பின்னும் அக்காட்டிலேயே இருந்தனர் என்பதையும் இங்கு நினைத்தல் தகும். கணக்கெடுப்பைத் தொடர வேண்டுமெனில் அதற்கு ஏற்றவர் அவர்களே.

பணம் கட்டித் தொண்டு செய்வோர்

தன்னார்வலரிடமிருந்தே பணம் பெறும் முறையும் ஒன்றுண்டு. 1971இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் தோன்றி, பின்னர் 'எர்த்வாட்ச்' எனப் பெயர்பெற்ற நிறுவனம் இதற்கு வழிகாட்டி. கல்விப் பயணமாகத் தொடங்கிய இதில், பங்கேற்போர் இரண்டொரு வாரம் களத்தில் உழைப்பதற்குத் தாமே கட்டணம் செலுத்துவர். அக்கட்டணத்தின் ஒரு பகுதி ஆய்வாளரின் செலவுக்குச் செல்லும். பகாங்கின் கிராவ் வனவிலங்குக் காப்பகத்தில் நடந்த வௌவால் ஆய்வும் இந்நிறுவனத்தின் துணைபெற்ற ஒன்று. கட்டணம் செலுத்துவோரை ஈர்க்கும் விலங்குக்குப் பணம் வரும். மண்புழுவுக்கு வருவது அரிது. இக்குறை வெளிப்படை.

2002இல் எச்.எஸ்.பி.சி. வங்கி, ஐந்தாண்டுக்கு 50 மில்லியன் அமெரிக்க டாலரை எர்த்வாட்ச் உள்ளிட்ட மூன்று அமைப்புகளுக்கு அளித்து, தன் ஊழியர் 2,000 பேரைக் களப்பணிக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. பணம் தருபவரே தன்னார்வலரையும் தருகிறார் என்பது இம்முறையின் புதுமை. ஊழியரின் மனமகிழ்ச்சி, நிறுவனத்தின் நற்பெயர், ஆய்வின் தேவை ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் வரவு வைக்கப்படும்போது எதற்கு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று.

எதற்கும் பணம் இல்லாமலே நடந்தவையும் உள. 2001இல் சிங்கப்பூரின் உபின் தீவிலுள்ள செக் ஜாவாக் கடலோரம் மண்ணிட்டு நிரப்பப்படவிருந்தபோது, அருங்காட்சியக ஆய்வாளரின் வழிகாட்டலில் தன்னார்வலர்கள் சில மாதங்களில் அங்குள்ள உயிரினங்களைப் பதிந்தனர். 2002 சனவரியில் அரசு அத்திட்டத்தை ஒத்திவைத்தது. அவசரம் இருந்தது, இடம் சிறியது, பின்னணியில் சம்பளம் பெறும் ஓர் அருங்காட்சியகம் இருந்தது. இம்மூன்றும் ஒருங்கே அமைவது எல்லா இடங்களிலும் நேர்வதில்லை.

இருபதாண்டு இடைவெளியில் இரண்டு கணக்குகள்

படைத்துறைப் பணம் நின்று பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1983இல் கோலாலம்பூரில் 'இன்டர்வேடர்' என்னும் கரைப்பறவை ஆய்வுத்திட்டம் தொடங்கியது. அது 1987இல் ஆசிய ஈரநிலப் பணியகம் எனப் பெயர் மாறி, மலாயாப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இயங்கிப் பின் 1995இல் அனைத்துலக ஈரநில அமைப்பில் இணைந்தது. 1983 முதல் 1986 வரை இதன் குழுவினர் தீபகற்பத்தின் சேற்றுக்கரைகளில் பறவைகளை எண்ணினர். பேராக், சிலாங்கூர் கடற்கரைகளின் சிறப்பு அப்போதே தெளிவாகப் புலப்பட்டது.

1987 முதல் சனவரி மாதத்து இரண்டாம், மூன்றாம் வாரங்களில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எனப் பல நாடுகளிலும் ஆர்வலர்கள் தம் செலவில் எண்ணெய் ஊற்றி, தம் தொலைநோக்கியோடு சென்று எண்ணுகின்றனர். 2004 முதல் 2006 வரை மலேசிய இயற்கைக் கழகமும் ஈரநில அமைப்பும் சேர்ந்து தீபகற்ப மலேசியாவில் மீண்டும் விரிவாக எண்ணியபோது, கரைப்பறவைகள் 1983-86ஆம் ஆண்டுக் கணக்கினும் குறைந்திருந்தமை கண்டறியப்பட்டது. முதற்கணக்கு இல்லையேல் இக்குறைவை ஊகமாக மட்டுமே கூறியிருக்க முடியும்.

இவ்விரண்டு கணக்குகளுக்கும் வெவ்வேறு நிதி கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சனவரிதோறும் நடந்த எண்ணிக்கைக்குக் களச்செலவு தன்னார்வலருடையது. படிவங்களைப் பெற்று, ஐயத்திற்குரிய எண்ணைக் கேட்டுத் திருத்தி, நாட்டுத்தொகையைக் கூட்டியனுப்பும் ஒருங்கிணைப்பாளரின் பணிக்கே பணம் தேடவேண்டியிருந்தது. புதிய ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் 'புதுமை' என்றொரு கட்டம் இருக்கும். முப்பதாண்டாக ஒரே கரையில் ஒரே மாதத்தில் ஒரே பறவையை எண்ணுவோர் அக்கட்டத்தில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வுநிதிகளும் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டு வரையறையுடையவை. சைபீரியாவிலிருந்து வரும் உள்ளான் ஒன்று இதைவிட நெடுங்காலம் வாழக்கூடியது.